அளந்து சொல்லுங்கள், பிள்ளைகளே

வானம் நீலமாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். இன்று எவ்வளவு நீலம், நேற்று எவ்வளவு, போன மாசியில் எவ்வளவு என்று கேட்டால்தான் வேலை தொடங்குகிறது. என் உழைப்புக் காலம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் கழிந்தது. சூரியனிலிருந்து புறப்பட்ட ஒளியில் எவ்வளவு தரைக்கு வந்து சேர்கிறது, எவ்வளவு வழியில் பறிபோகிறது என்று அரபிக்கடல் ஓரத்தில் நின்று கணக்குப் பார்த்தவன் நான். வழியில் ஒளியை மறிப்பவற்றுள் முக்கியமானவை காற்றில் மிதக்கும் நுண்துகள்கள். அறிவியலில் அவற்றை ஏரோசால் என்கிறோம். கடல் உப்பு, பாலைவனத் தூசு, எரிமலையின் கந்தகம், விறகுப் புகை, டீசல் கரி, அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கும் தாளின் புகை எல்லாமே அதில் அடக்கம். நம் தலைமுடியின் பருமன் 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். இந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை.

கல்லூரிப் பிள்ளைகள் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். "தாத்தா, காலநிலை மாற்றத்தில் எதைப் படிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். படிப்பைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் பேச்சு வாழ்க்கையைத் தொட்டுவிடுகிறது. இந்தத் துறை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: அளக்காமல் தீர்ப்புச் சொல்லாதே. எதைக்கொண்டு அளப்பது, எங்கே அளப்பது, எத்தனை காலம் அளப்பது, யாருக்காக அளப்பது என்பதெல்லாம் அதன் கிளைகள். அவற்றை இங்கே உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

நம் வானத்தை நாம்தான் அளக்க வேண்டும்

வானிலைப் பாடப்புத்தகங்களில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டது. அங்கே சூரியன் சாய்ந்து வருவான். நமக்குத் தலைக்கு நேரே நிற்பான். பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் ஒரு பெரும் பங்கு கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில்தான் விழுகிறது. அந்தச் சூட்டில் ஈரக்காற்று பொங்கி எழுந்து, இடிமேகமாகிப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் வரை போகிறது. அங்கிருந்து வடக்கும் தெற்குமாகப் பிரிந்து நடக்கிறது. ஆகவே வெப்பமண்டலத்தின் காற்றில் சேரும் துகள் நம் வீட்டு விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது மழையின் போக்கையே தொடுகிறது.

துகளுக்கும் மழைக்கும் உள்ள உறவு பலருக்கும் தெரியாது. தூசே இல்லாத தூய காற்றில் மேகம் உண்டாக வேண்டுமானால் ஈரப்பதம் நூறு சதவீதத்தைப் பலமடங்கு தாண்டியாக வேண்டும். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. நீராவிக்குப் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். அந்தத் துகளைச் சுற்றித்தான் ஒவ்வொரு மேகத்துளியும் பிறக்கிறது. துகள் கூடினால் மழை கூடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு படி அரிசிச் சோற்றைப் பத்துப் பேருக்குப் பரிமாறினால் வயிறு நிறையும். நூறு பேருக்குப் பரிமாறினால் ஆளுக்கு ஒரு கவளம்தான். அதுபோல ஒரே அளவு நீராவி ஏராளமான துகள்களுக்குப் பங்காகும்போது துளிகள் சிறுத்துப்போகின்றன. மேகம் வெளேரென்று மின்னும், வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆனால் துளி கனத்து விழத் தாமதமாகும். மேகம் வெண்மையாவதை 1970களில் விளக்கிக் காட்டியவர் ஷான் டூமி. மழை தாமதமாவதை அமேசான் காட்டின் மேல் பறந்த ஆய்வு விமானங்கள் பிற்பாடு நேரில் கண்டன. மழைக்காலத்தில் அந்தக் காட்டின் காற்று நடுக்கடல் காற்றைப்போல் சுத்தமாக இருக்கும். ஒரு கனசென்டிமீட்டரில் சில நூறு துகள்களே இருக்கும். காட்டை எரிக்கும் கோடையில் அது பல ஆயிரமாக ஏறிவிடும்.

இந்தத் துகள்கள் கீழ்க்காற்றில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம். மழை பெய்தால் கழுவிப் போய்விடும். அதனால் மார்கழியில் ஒரு கணக்கு, ஆடியில் வேறு கணக்கு. கான்பூரில் ஒன்று, கன்னியாகுமரியில் வேறொன்று. ஐரோப்பாவில் எடுத்த எண்ணைக் கொண்டுவந்து நம் ஊர் வானத்துக்கு ஒட்டிப் பார்த்தால் பொருந்தாது. வாழ்க்கையிலும் இதையே செய்யுங்கள். பிறர் ஊரில், பிறர் குடும்பத்தில், பிறர் சம்பளத்தில் எடுத்த அளவை உங்கள் வாழ்க்கைக்கு ஒட்டிப் பார்த்து மனம் நோகாதீர்கள். உங்கள் நிலத்தில் நின்று நீங்களே அளந்து பாருங்கள்.

முதலில் கருவி உண்மை பேசட்டும்

அன்னா மணியின் பெயரை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஒளியால் ஆராய்ந்தார். ஆய்வேட்டை எழுதி முடித்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்படவில்லை. அவர் அதற்காக நின்றுவிடவில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நாம் வெப்பமானி, காற்றழுத்தமானி எல்லாவற்றுக்கும் வெளிநாட்டையே நம்பியிருந்தோம். ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடம் போட்டு, தரம் வகுத்து, இந்தியாவிலேயே செய்யவைத்தவர் அவர். 1957–58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். 1969இல் அவரும் கூட்டாளிகளும் இந்திய வானத்தின் மங்கலை அந்த அளவுகளிலிருந்தே கணக்கிட்டு வெளியிட்டார்கள். 'மாசு' என்ற சொல் செய்தித்தாளில் அன்றாடம் அடிபடாத காலம் அது.

கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதை அளவுத்திருத்தம் என்கிறோம். சூரிய ஒளிமானிக்கு அதைச் செய்யும் முறை அழகானது. விடிந்ததும் தொடங்க வேண்டும். சூரியன் தாழ இருக்கும்போது ஒளி நெடுந்தூரக் காற்றைக் கடந்து வருகிறது. மேலே ஏற ஏற அந்தத் தூரம் குறைகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒளியை அளந்துகொண்டே போய், அளவின் மடக்கையைக் காற்றின் தடிமனுக்கு எதிராக வரைபடத்தில் குறிக்கிறோம். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, காற்றே இல்லாவிட்டால் கருவி என்ன காட்டும் என்று கண்டுபிடிக்கிறோம். சூரிய ஒளியை ஆராய்ந்த சாமுவேல் லாங்லி காலத்திலிருந்து வரும் முறை இது. கண்ணுக்கே தெரியாத மெல்லிய மேகக்கீற்று ஒன்று குறுக்கே போனாலும் அன்றைய காலை வீண். மறுநாள் மறுபடியும் விடியுமுன் எழுந்து வர வேண்டும்.

இளம் ஆய்வாளர்கள் இந்த வேலையைச் சில்லறை வேலை என்று நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளபடி, மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. பிழையான கருவி காட்டும் எண்ணுக்குப் பின்னால் எத்தனை பெரிய கணினியை நிறுத்தினாலும் விடை பிழையாகத்தான் வரும். ஊரையும் உறவையும் எடைபோடும் உங்கள் மனமும் ஒரு கருவிதான். கோபத்தில் இருக்கும்போது, பொறாமையில் இருக்கும்போது, பசியில் இருக்கும்போது அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தெளிவான ஒரு காலைப் பொழுதுக்காகக் காத்திருந்து அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் தேடாத இடத்தில் தேடுங்கள்

காலநிலை அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதன் தமிழில் பள்ளிப்படிப்பைத் தொடங்கியவர். பதினொரு வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபோனது. வகுப்பு ஆங்கிலத்துக்கு மாறியது. பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஒரு நிறுவனத்தில், குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. அமெரிக்கா போன பிறகும் அந்த வாயு அவரை விடவில்லை. அதன் ஒரு மூலக்கூறு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1975இல் கண்டுபிடித்தார். செய்த எந்த வேலையும் வீணாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அவரும் நோபல் பரிசு பெற்ற பால் குரூட்சனும் முன்னின்று நடத்தியதுதான் 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, சுருக்கமாக இண்டோயெக்ஸ். இந்தியத் தரப்பில் ஏ.பி. மித்ரா வழிநடத்தினார். இருநூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள், விமானங்கள், நம் 'சாகர் கன்யா' உள்ளிட்ட கப்பல்கள், மாலத்தீவின் காஷிதூ தீவில் ஓர் ஆய்வு நிலையம் எல்லாம் சேர்ந்த பெரும் முயற்சி அது. புகையைப் பற்றி ஆராய யாராவது நடுக்கடலுக்குப் போவார்களா? போனார்கள். அங்கேதான் இருந்தது. தெற்காசியாவிலிருந்து வடகிழக்குக் காற்று சுமந்து வந்த பழுப்பு மூட்டம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு, கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் கடலை மூடிக் கிடந்தது. பூமத்திய ரேகையை ஒட்டி, இரு அரைக்கோளக் காற்றும் சந்தித்து மழையாகக் கொட்டும் பட்டையைத் தாண்டித் தெற்கே போனால் காற்று பளிச்சென்று சுத்தமாக இருந்தது. மனிதன் தொட்ட வானமும் தொடாத வானமும் ஒரே கடலில் அருகருகே கிடைத்தன. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் பூமியில் அரிது.

அங்கே கண்ட எண்களை இப்போதும் வியப்போடு நினைத்துக்கொள்கிறேன். வளிமண்டலத்தின் உச்சியில் நின்று பார்த்தால், அந்த மூட்டத்தால் வரவுசெலவில் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. கடலின் மேல்பரப்பிலோ சதுர மீட்டருக்குச் சுமார் 14 வாட் வெயில் குறைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே காணாமல் போன அந்த வெயில் எங்கே? மூட்டத்திலிருந்த கரித்துகள்கள் அதை விழுங்கி, நடுவிலிருந்த காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. 2006இல் மாலத்தீவின் ஹனிமாதூவிலிருந்து ஆளில்லாச் சிறு விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, மூட்டத்துக்குக் கீழேயும் உள்ளேயும் மேலேயும் பறக்கவிட்டு அந்தச் சூட்டை நேராகவே அளந்தார்கள். மூட்டம் இருந்த இடத்தில் காற்று வெயிலால் சூடாவது பாதி மடங்கு கூடியிருந்தது.

பிள்ளைகளே, மேலே பூஜ்யம் என்று பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போயிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது. ஒரு வீட்டின் மொத்த வரவுசெலவு சமமாக இருக்கலாம். உள்ளே ஒருவர் பட்டினி கிடப்பார், இன்னொருவர் தேவைக்கு மேல் வைத்திருப்பார். கூட்டுத்தொகை சரியாக இருக்கிறது என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள்.

எதற்கும் ஒரு முகம்தான் என்று முடிவு கட்டாதீர்கள்

துகள்களில் நல்லது கெட்டது பிரிப்பது எளிதல்ல. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் சல்ஃபேட் துகள்கள் வெயிலைச் சிதறடித்துப் பூமியைக் குளிர்விக்கின்றன. கரி சூடாக்குகிறது. சகாராவிலிருந்து கிளம்பும் தூசு வழியெங்கும் மூச்சைத் திணறடிக்கிறது. அதுவே அட்லாண்டிக்கைத் தாண்டி ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் அமேசான் படுகையில் விழுந்து, அதிலுள்ள பாஸ்பரஸால் காட்டுக்கு உரமாகிறது. மழை அடித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸை அந்தப் பாலைவனம் ஈடுசெய்கிறது. விண்கலத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி அளந்து கண்டறிந்த உண்மை இது.

இன்னும் சங்கடமான உண்மை ஒன்று உண்டு. பசுங்குடில் வாயுக்கள் உண்டாக்கிய வெப்பத்தில் ஒரு பகுதியை நம் புகைமூட்டம் இதுவரை மறைத்து வந்திருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும்போது அந்த மறைப்பு விலகும். 2020இல் கப்பல் எரிபொருளில் இருக்கலாம் என்று அனுமதித்த கந்தகத்தின் அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தார்கள். கடற்கரை நகரங்களில் மூச்சுவிடுவோருக்கு அது நல்ல செய்தி. கடலின் மேல் கப்பல்கள் விட்டுச்சென்ற வெண்மேகக் கோடுகள் குறைந்தன, அங்கே வெயில் கூடியது என்பதும் உண்மை. அதற்காகப் புகையை வைத்துக்கொள்ளலாமா? கூடாது. நோயை மறைக்கும் வலிநிவாரணிக்காக நோயை வளர்க்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடையும் கூடவே குறைக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து வரும் முடிவு.

பருவமழை விஷயத்திலும் இதே நிலைதான். மூட்டம் கடலுக்கும் நிலத்துக்கும் வரும் வெயிலைக் குறைத்து, ஆவியாதலைக் குறைத்து, தென்மேற்குப் பருவமழையைத் தளர்த்துகிறது என்று ஒரு சாரார் காட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மத்திய, வட இந்தியாவில் மழை குறைந்ததற்கு அது ஒரு காரணம் என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. இன்னொரு சாரார், இமயமலை அடிவாரத்தில் சேரும் தூசும் கரியும் மேல்காற்றைச் சூடாக்கி, பருவத்தின் தொடக்கத்தில் மழையை வலுவாக இழுக்கின்றன என்றார்கள். இரண்டு பக்கமும் நேர்மையானவர்கள், இரண்டு பக்கமும் அளவுகள் வைத்திருப்பவர்கள். வாதம் இன்னும் நடக்கிறது. அவர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்து எதிரும் புதிருமாகப் பேசிவிட்டு, ஒரே மேசையில் சாப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாற்றுக் கருத்துள்ளவரைப் பகைவராக்காமல் வாதாடக் கற்றுக்கொள்ளுங்கள். அறிவியலில் மட்டுமல்ல, வீட்டிலும் அது உங்களைக் காப்பாற்றும்.

நடப்பதற்கு முன்பே சொல்லத் துணியுங்கள்

1991 ஜூன் 15. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் பினாதுபோ எரிமலை வெடித்தது. ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் சல்ஃபர் டை ஆக்சைடு, மழை எட்டாத அடுக்குவளி மண்டலத்துக்குப் போனது. அங்கே அது சல்ஃபேட் துளிகளாகி, மூன்று வாரத்துக்குள் பூமியைச் சுற்றிவிட்டது. வெப்பமண்டலத்தில் வெடித்ததால் வடக்கும் தெற்குமாக உலகெங்கும் பரவியது. கீழ்க்காற்றில் வாரக் கணக்கில் வாழும் துகள் அந்த உயரத்தில் ஆண்டுக் கணக்கில் தங்கும்.

நாசாவின் ஜேம்ஸ் ஹான்சனும் அவர் குழுவினரும் அப்போது செய்த காரியத்தை ஒவ்வொரு இளைஞரும் அறிய வேண்டும். உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறையும், 1992இன் பிற்பகுதியில் அந்தக் குளிர்ச்சி உச்சத்தைத் தொடும், பிறகு வெப்பம் மீளும் என்று 1992 தொடக்கத்திலேயே அச்சில் வெளியிட்டார்கள். தவறினால் உலகமே பார்க்கும் என்று தெரிந்தே சொன்னார்கள். ஏறத்தாழ அப்படியே நடந்தது. நடந்து முடிந்த பின் காரணம் சொல்வது எல்லோருக்கும் கைவரும். அளவுகளை வைத்துக் கணக்கிட்டு, நாளைக்கு இது நடக்கும் என்று எழுதிவைத்துவிட்டு இயற்கையின் தீர்ப்புக்குக் காத்திருப்பதில்தான் நேர்மை இருக்கிறது.

அந்த எரிமலை இன்னொன்றையும் காட்டியது. பூமி குளிர்ந்த அதே காலத்தில் நிலப்பரப்பில் மழையும் ஆறுகளின் நீரோட்டமும் குறைந்தன. செயற்கையாகக் கந்தகத்தை மேலே தூவிப் பூமியைக் குளிர்விக்கலாம் என்று இன்று பேசுகிறவர்கள் உண்டு. வெப்பத்தை மட்டும் பார்த்தால் கணக்கு சரியாக வரலாம். மழையை நம்பிப் பிழைக்கும் வெப்பமண்டல உழவருக்கு அதன் விலை என்ன என்று கேட்க நம் பிள்ளைகள் அந்த மேசையில் இருக்க வேண்டும். கேட்பதற்கு நம்மிடம் நம்முடைய அளவுகள் இருக்க வேண்டும்.

சலிப்பைத் தாங்குங்கள்

1980களின் நடுவில் திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் பல அலைநீளக் கதிர்மானி ஒன்றை உருவாக்கி, இந்திய நடுவளிமண்டலத் திட்டத்தின் கீழ் பல ஊர்களில் வைத்தார்கள். கே. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். மினிக்காய், போர்ட் பிளேர் தீவுகள் முதல் இமயச் சரிவு வரை நிலையங்கள் வளர்ந்தன. 2006இல் நிலம், கப்பல், விமானம் மூன்றிலும் ஒரே நேரத்தில் அளந்த பெரும் பயணமும் அதன் வழியில் வந்ததுதான். விமானமும் கப்பலும் செய்தியில் வரும். தினமும் ஒரே இடத்தில் ஒரே கருவியைத் துடைத்து, ஒரே வகை எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறவர் செய்தியில் வரமாட்டார். ஆனாலும் இந்திய வானத்தின் மங்கல் 1985 முதல் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் கூடிவந்தது என்ற முடிவு அந்தப் பதிவேடுகளிலிருந்துதான் கிடைத்தது. ஓராண்டு அளவை வைத்து யாராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஒரு நல்ல மழை ஆண்டு வந்தால் குறைந்ததுபோல் இருக்கும். ஒரு புழுதிக் கோடை வந்தால் பலமடங்கு ஏறியதுபோல் இருக்கும். முப்பது ஆண்டுகள் அடுக்கிப் பார்த்தால்தான் உண்மையான சரிவும் ஏற்றமும் தெரியும்.

உங்களுக்கு எல்லாம் உடனே வேண்டும் என்று குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. காலம் உங்களை அப்படி ஓட்டுகிறது என்று அறிவேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீண்ட காலம் விடாமல் செய்யும் ஒரு சிறிய வேலையை உங்கள் வாழ்வில் வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் கவனிக்காவிட்டாலும் செய்யுங்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் அது எதையும் சொல்லாமல் இருக்கலாம். பிற்காலத்தில் வேறு எதனாலும் சொல்ல முடியாததை அது சொல்லும்.

யாருக்காக அளக்கிறோம்

கடலில் கண்ட கரியின் ஊற்றைத் தேடிப் போனால் அதில் ஒரு பெரும் பங்கு அடுப்படியில் போய் முடிகிறது. ராமநாதன் குழுவினர் 'சூர்யா' திட்டத்தில் உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் கரிப்புகையை அளந்தார்கள். காலையும் மாலையும் சமையல் நேரத்தில் வீட்டுக்குள்ளே மட்டுமின்றித் தெருவிலும் கரி கூர்மையாக ஏறி இறங்கியது. அந்த வரைபடத்தில் ஏறி இறங்கியது ஒரு தாயின் அன்றாடம். விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் முன்னால் குனிந்து ஊதும் பெண்ணும், அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையும்தான் அந்தத் துகளை முதலில் வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் புகையால் உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று பேசும்போதெல்லாம் அந்த முகங்களை மறக்காதீர்கள். மறந்தால் நம் அறிவு வெறும் எண்ணாகிவிடும்.

நம்பிக்கையும் இங்கேதான் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். நாம் விட்டதை நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் சுமப்பார்கள். கரி அப்படியல்ல. இன்று அடுப்பை மாற்றினால், இன்று வயலில் எரிப்பதை நிறுத்தினால், ஓரிரு வாரத்தில் அந்தக் கரி காற்றில் இருக்காது. நுரையீரலுக்கும் பருவமழைக்கும் பனிமலைக்கும் ஒருசேரக் கிடைக்கும் நிவாரணம் அது. மனிதன் கெடுத்தவற்றில் இவ்வளவு விரைவாகச் சரிசெய்யக் கூடியது வேறு அதிகமில்லை.

வெப்பமண்டலத்தில்தான் வெயில் அதிகம், மக்கள் அதிகம், மழையை நம்பிய உழவு அதிகம். அளக்கும் கைகள்தான் குறைவு. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் நம் நாட்டிலும் இன்னும் எத்தனையோ ஊர்களின் வானத்தை யாரும் தொடர்ந்து அளப்பதில்லை. அந்த இடைவெளியை வெளியூர்க்காரர் வந்து நிரப்ப வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். இயற்பியலோ வேதியியலோ கணினியோ, எதைப் படித்தாலும் இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. படிப்பு வேறாக இருந்தாலும் ஒரு குறிப்பேடு எடுத்து, உங்கள் ஊரின் வானத்தைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து பார்த்து எழுதுங்கள்: தூரத்து மலையோ கோபுரமோ தெரிகிறதா, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, யார் எதை எரிக்கிறார்கள் என்று. அளந்தவரின் பேச்சுக்கு அதிகாரியும் செவிகொடுப்பார், அடுத்த தலைமுறையும் செவிகொடுக்கும். அளந்து பாருங்கள், அளந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், சொன்னதற்காக நில்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.